எங்கள் வீட்டை விட்டுப் போகாத மாதா

பெருமைக்குச் சொல்லவில்லை என்று தொடங்குகிறவர்கள் எல்லாரும் பெருமைக்குத்தான் சொல்கிறார்கள். நான் நேராகவே சொல்லிவிடுகிறேன், இது பெருமைக்குத்தான். எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது மாதா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு வாரம் தங்கிவிட்டுக் கிளம்ப வேண்டியவர், ஜூலையில் வந்து நவம்பர் வரைக்கும் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார். திண்டுக்கல்லில் வேறு எந்த வீட்டிலும் அவர் அப்படித் தங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

விளங்கும்படி சொல்வதென்றால் அன்பியத்திலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் பங்குக் கோயில் பெரியது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு உள்ளே இடம் கிடைக்காமல் வாசல் மரத்தடி வரைக்கும் ஆட்கள் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நாம் வந்தோமா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. வந்து அழுதோமா தூங்கினோமா என்பது சுத்தமாகத் தெரியாது. அதனால் பங்கை, அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த வீடுகளை, தெருத்தெருவாகப் பிரித்து, பத்துப் பன்னிரண்டு வீடுகளை ஒன்றுசேர்த்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு புனிதரின் பெயரைக் கொடுத்து, அன்பியம் என்று வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஜெபமாலை, விவிலிய வாசகம், அதைப் பற்றி ஆளாளுக்கு நாலு வார்த்தை, பிறகு மன்றாட்டு, கடைசியில் சுண்டல், டீ. எங்களுடையது சூசையப்பர் அன்பியம். விவிலியத்தை எத்தனை தடவை புரட்டினாலும், மாதாவின் கணவரான சூசையப்பர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதாக எழுதியிருக்காது. அவர் பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அதற்குக் கணக்கே இல்லை.

எங்கள் அன்பியத்துக்கென்று ஒரு மாதா சொரூபம் இருந்தது. முழங்கை உயரம்தான் இருக்கும், நீல முக்காடு, கண்ணாடிக் கூண்டு. இந்த வெள்ளி எந்த வீட்டில் ஜெபமோ அந்த வீட்டில் மாதா ஒரு வாரம் இருப்பார். அடுத்த வெள்ளி அந்த வீட்டுப் பெண் அவரைத் தன் கையால் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். மற்ற எல்லாரும் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பாட்டோடு பின்னால் வருவார்கள். வேறு யாரும் தூக்கக் கூடாது, அந்த வீட்டுப் பெண்தான் தூக்க வேண்டும் என்பது எங்கள் அன்பியத்தில் மட்டும் இருந்த வழக்கம். யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது, ஆனால் பாதரே வந்து சொன்னாலும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு தம்பி பிறப்பதாக இருந்தது. தம்பிதான் என்று யாரும் சொல்லவில்லை, நானாக முடிவு செய்துவிட்டேன். பெயரும் நானே வைத்துவிட்டேன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், கோயிலில் படுத்திருந்த ஒரு சிறுவனை ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கதையைச் சொல்லியிருந்தார். ஆண்டவரே கூப்பிட்ட பெயர் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும். அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்து யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "பாப்போம், பாப்போம்" என்றாள். அம்மாவின் பாப்போம் என்றால் பெரும்பாலும் முடியாது என்று அர்த்தம். எனக்கு அப்போதே கோபம்தான்.

ஆனால் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தாள். தம்பி சாமிகிட்டப் போயிட்டான் என்று அப்பா சொன்னார். போன இடம் நல்ல இடம் என்பதால் எனக்கு அந்த விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. சொல்லாமல் போய்விட்டானே என்று மட்டும் கொஞ்சம் வருத்தம்.

ஒரு மாதம் கழித்து அம்மா பூசைக்கு வந்தாள். பூசை முடிந்து கூட்டத்தோடு வெளியே வரும்போது, எங்கள் தெருவில் முனை வீட்டில் இருந்த ஓர் அம்மாள் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் வேறு அன்பியம். துக்கம் விசாரிக்கத்தான் நிறுத்தினார், கண்கூடக் கலங்கியிருந்தது. விசாரித்து முடித்துவிட்டு, "ஞானஸ்நானம்கூட வாங்காமப் போயிருச்சே பிள்ள, அது எங்க போயி நிக்குமோ" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மோட்சத்தில் இடமில்லை என்பது பழைய ஆட்களின் நம்பிக்கை. சுற்றிலும் நூறு பேர் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். வழக்கமாக வாங்கித் தரும் சேமியா ஐஸ் அன்று கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. பூசைக்கு மட்டுமில்லை, தெருக்குழாய்க்கும் போகவில்லை, மளிகைக்கும் போகவில்லை. உள் அறையில் படுத்திருப்பாள். தையல் மிஷின் மேல் போட்ட துணி போட்டபடி கிடந்தது. யார் கேட்டாலும் அம்மாவுக்குக் கால் வலி என்று சொல்லும்படி அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நானும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். முருங்கைக்காயும் தக்காளியும் காத்திருக்காது. போய்த்தான் ஆக வேண்டும். ஒருநாள் லோடுக்குக் கிளம்பும்போது நாங்கள் குடியிருந்த காம்பவுண்டின் கேட் பக்கம் நின்று பஞ்சர் மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "இப்பிடியே உள்ளயே இருந்துட்டான்னா என்னண்ணே செய்றது. சோறுகூட நான் இருந்தாத்தான் திங்கிறா" என்றார். அப்பாவின் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. கால் வலிக்கு இத்தனை கவலையா என்று நினைத்துக்கொண்டேன்.

பஞ்சர் மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. பழனி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தார், அதனால் பஞ்சர் மாமா. அவர்தான் எங்கள் அன்பியத்துக்குப் பொறுப்பாளர். அவருடைய மகள் என் வகுப்பு, என் பெஞ்சு, என் எதிரி. மாமா அன்று அப்பாவின் தோளில் கைவைத்து, "நீ போயிட்டு வா, பாத்துக்கிருவோம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே மாதா எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் முறை இன்னும் தள்ளி இருந்தது. எப்படியோ முன்னால் வந்துவிட்டது. பஞ்சர் மாமா பெண்டாட்டி சுண்டலைத் தன் வீட்டிலேயே அவித்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். டம்ளர்கூட ஆளுக்கொன்றாக வந்தது. ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது, அடுத்த வாரம் யார் வீடு என்று மாமா கேட்டார். முறைப்படி டீச்சர் பெரியம்மா வீடு. அவர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், மாடி வீடு, கிரானைட் தரை, சோபா. "எங்க வீட்ல வெள்ளையடிக்கிறோம். இன்னொரு வாரம் இங்கயே இருக்கட்டுமே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதா இன்னும் ஒரு வாரம்.

அதற்கடுத்த வெள்ளியும் வெள்ளையடித்து முடியவில்லை. அடுத்தது நர்ஸ் சித்தி வீடு, அவருக்கு நைட் டூட்டி வந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் வீட்டில் சின்னாளப்பட்டிச் சம்பந்தி விருந்துக்கு வந்திருந்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளைக்கு அம்மை. அதற்குப் பிறகு பஞ்சர் மாமாவின் முறை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்க வீட்ல ஃபேன் ஓடலை. புழுக்கத்துல எப்பிடி உக்காருறது" என்றார். ஊருக்கெல்லாம் டயரைக் கழற்றி மாட்டுகிறவர் வீட்டில் ஒரு ஃபேனைச் சரிசெய்ய முடியவில்லை என்று யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு வாரம் ஓடவில்லை, இரண்டாவது வாரமும் ஓடவில்லை. கோயிலில் நடுப்பீடத்தின் முன்னால் முழங்கால் போடுகிற பெரிய மனிதர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, கையில் ஜெபமாலையோடு, ஒருத்தர் மாற்றி ஒருத்தர் காரணம் சொன்னார்கள். நான் ஒவ்வொன்றையும் அப்படியே நம்பினேன்.

நம்பியது மட்டுமில்லை, ஒரு முடிவுக்கும் வந்தேன். எத்தனை வீடு இருந்தும் மாதாவுக்கு எங்கள் வீடுதான் பிடித்திருக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு வீட்டிலும் தடங்கலாக வருமா. வருகிறவர்களுக்கும் எங்கள் வீடுதான் பிடித்திருந்தது என்பதற்குக் கண்முன்னால் சாட்சி இருந்தது. அத்தனை கூட்டம். உள்ளே இடமில்லாமல் ஆண்கள் வாசற்படியிலும், பிள்ளைகள் காம்பவுண்டு நடையிலும் உட்கார்ந்திருப்பார்கள். பஞ்சர் மாமா எப்போதும் செருப்புகளுக்கு நடுவில்தான் உட்காருவார். பெரிய கோயிலில்தான் இப்படி இடமில்லாமல் வெளியே நிற்பார்கள். அந்த நிலைக்கு எங்கள் வீடு வந்துவிட்டதே என்று எனக்கு மார்பு விரிந்தது. சுண்டல் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு நான் போகிற தோரணையைப் பார்த்தால் பிஷப் தோற்றுவிடுவார்.

அம்மா முதல் சில வாரம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். யாரும் தட்டவில்லை. டீச்சர் பெரியம்மா மட்டும் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் உட்காருவார். விவிலிய வாசகத்தை அவர்தான் வாசிப்பார், தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி. பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் பழகிவிட்டது போல என்று நான் காதைப் பொத்திக்கொள்வேன். நர்ஸ் சித்தி எல்லாருக்கும் முன்னாலேயே வந்து, நேராக அறைக்குள் போய் அம்மாவுக்குத் தலை வாரிவிடுவார். அப்படியே எனக்கும் இரட்டைச் சடை. ஏதாவது பேசுவார்களா என்று ஒட்டுக்கேட்டிருக்கிறேன். பேச மாட்டார்கள். சீப்புச் சத்தம் மட்டும் வரும்.

பிறகு ஒரு வாரம் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அப்புறம் அம்மா நிலைப்படிக்கு உள்பக்கம் உட்கார்ந்தாள். டீச்சர் பெரியம்மாவின் முதுகுக்கு இப்போது சாயக் கதவில்லை. அம்மாவின் முழங்கால்தான் இருந்தது. பெரியம்மா அதிலே சாய்ந்துகொண்டார். அம்மா நகரவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால் நான் அடுப்படிக்கு எப்படிப் போவது என்று எனக்கு எரிச்சல்.

மன்றாட்டு வேளையில் ஒவ்வொரு வீடாகச் சொல்லி வருவார்கள். பெரிய கோயிலில் மன்றாட்டு என்றால் திருத்தந்தைக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, மழைக்காக. எங்கள் அன்பியத்தில், மகன் மறுபடி குடிக்கிறான் என்பார் ஒருவர். மருமகள் பேச மாட்டேனென்கிறாள் என்பார் இன்னொருவர். கடையில் ஒருத்தனைக் கைநீட்டி அடித்துவிட்டேன், அவன் மன்னிக்க வேண்டும் என்று பஞ்சர் மாமா ஒருநாள் சொன்னார். பிள்ளைகளை வெளியே அனுப்பவெல்லாம் மாட்டார்கள். அப்போது டீச்சர் பெரியம்மாவும் ஒருநாள், தனக்குக் கல்யாணமான புதிதில் இரண்டு தடவை கலைந்துபோனதைச் சொன்னார். முப்பது வருடமாகத் தன் கூடப்பிறந்தவளுக்குக்கூடச் சொன்னதில்லையாம். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, மாதாவைப் பார்த்துச் சொன்னார். அம்மாவின் முழங்காலில் சாய்ந்தபடியே சொன்னார். எங்கள் வீட்டின் முறை வரும்போது மட்டும் அம்மா வாய் திறக்க மாட்டாள். மாமாவும் காத்திருக்க மாட்டார், ஒரு மூச்சு விட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

இந்தப் பெருமையை எல்லாம் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா. மறைக்கல்வி வகுப்பில் பஞ்சர் மாமா மகளிடம் சொன்னேன்.

"மாதாவுக்கு எங்க வீடுதான் புடிச்சிருக்கு. அதான் வேற எங்கயும் போக மாட்டேங்குறாங்க."

"போடி. எங்க முறை வந்து எம்புட்டு நாளாச்சு. நீங்கதான் பிடிச்சு வச்சிருக்கீங்க."

"உங்க வீட்ல ஃபேன் ஓடலைன்னு உங்கப்பாதான சொன்னாரு."

"ஃபேனெல்லாம் நல்லாத்தான் ஓடுது."

"அப்ப உங்கப்பா பொய் சொல்றாரா. அதுவும் ஜெபத்துல?"

அவள் முகம் சுண்டிவிட்டது. பொய் சொல்வது என்ன பாவம் என்று போன வாரம்தான் சிஸ்டர் நடத்தியிருந்தார். அதுவும் பொறுப்பாளர் சொன்னால் எத்தனை பெரிய பாவம். அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்தது. மாமா டீயை ஊதிக்கொண்டே, ஃபேன் இன்னும் சரியாகவில்லை, அதனால் அடுத்த வாரமும் இங்கேயே என்று தொடங்கினார். நடையில் உட்கார்ந்திருந்த அவர் மகள் எழுந்து வாசலுக்கு வந்து நின்றாள்.

"அப்பா, ஃபேன் ஓடுதுல்ல. காலைலகூட ஓடுச்சே. நீங்க அதுக்குக் கீழதான படுத்திருந்தீங்க."

மாமா டீ டம்ளருக்குள் எதையோ தேடினார். அவர் பெண்டாட்டி மகளின் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கப் பார்த்தார். அவள் உட்காராமல் என்னைப் பார்த்து, "இவதான் கேட்டா" என்றாள். டீச்சர் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வாரமாகக் கட்டிக் காத்தது ஒரு நொடியில் போயிற்றே என்று அவர்கள் எல்லாரும் பயந்துபோயிருந்தார்கள் என்பது இப்போது தெரிகிறது. நானோ பொய் வெளிப்பட்டதில் குளிர்ந்துபோயிருந்தேன்.

அப்போது அம்மா சிரித்தாள். சத்தமாகவெல்லாம் இல்லை, மூக்கால் வருகிற சிரிப்புதான். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது.

"ஏண்ணே, ஊர் வண்டிக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுறீங்க. பொய்யில விழுந்த ஓட்டைய ஒட்டத் தெரியலையா?"

மாமா தலையைத் தூக்கவேயில்லை. "ஒட்டிருவோம்மா" என்றார்.

அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெள்ளையடிக்கிறேன் என்றவர், நைட் டூட்டி என்றவர், சம்பந்தி வந்தார் என்றவர், ஒருத்தரையும் விடவில்லை. "அடுத்த வெள்ளி உங்க வீட்லதாண்ணே. மாதாவ நான் கொண்டாரேன்" என்றாள். சொல்லி முடித்துவிட்டு நிலைப்படியை மறுபடி பிடித்துக்கொண்டாள். நர்ஸ் சித்தி அவளுடைய இன்னொரு கையில் டீ டம்ளரைக் கொடுத்து, தன் கையையும் எடுக்காமல் வைத்துக்கொண்டார்.

எனக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் கிறிஸ்மஸ் வரைக்கும் மாதா எங்கள் வீட்டிலேயே இருந்திருப்பாரே என்று அந்த வாரமெல்லாம் புழுங்கினேன். அப்பாவும் அந்த வாரமெல்லாம் ஒரு நிலையில் இல்லை. கல்லறைத் திருநாள் வந்தது, அவர் மட்டும் மெழுகுதிரியும் செவ்வந்திப் பூவும் வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போய்வந்தார். அம்மா போகவில்லை. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை மட்டும் எப்படிப் போவாள் என்று அவர் கேட்கவில்லை, முகத்தில் எழுதியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா லோடுக்குப் போகவில்லை. லோடு இல்லை என்றார். ஒட்டன்சத்திரத்தில் லோடு இல்லாமல் போகுமா என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. அம்மா தலைக்குக் குளித்து, அரக்கு நிறச் சுங்குடிச் சேலை கட்டினாள். எல்லாரும் காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே தெருவில் மெழுகுதிரியோடு நின்றார்கள். அம்மா சொரூபத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். மாமா பாட்டைத் தொடங்கினார்.

வாசற்படியில் அம்மா நின்றுவிட்டாள்.

பாட்டு நாலு சரணம். நாலும் பாடி முடித்தார்கள். அம்மா நகரவில்லை. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வா என்று ஒருத்தர் கூப்பிட வேண்டுமே, இல்லை. வேண்டாம், நாங்கள் தூக்கிக்கொள்கிறோம் என்று ஒருத்தர் கை நீட்ட வேண்டுமே, அதுவும் இல்லை. மாமா அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். எல்லாரும் இப்போதுதான் தொடங்குகிற மாதிரிச் சேர்ந்து பாடினார்கள். மெழுகு உருகிக் கையில் விழுந்தது, எனக்குச் சுட்டது. மூன்றாவது தடவை எடுத்தபோது அப்பா வாயை மட்டும் அசைத்தார். அவர் என் தோளைப் பிடித்திருந்த பிடியில் தோள் வலித்தது.

மூன்றாவது தடவையின் இரண்டாவது சரணத்தில் அம்மா படி இறங்கினாள்.

தெருவில் வழியில் இருக்கிற கிறிஸ்தவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் மாதா செத்த நேரம் நிற்க வேண்டும், அவர்கள் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வார்கள். முனை வீட்டு அம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் உள்ளே போவதா நிற்பதா என்று தெரியாமல் முந்தானையைக் கையில் சுருட்டினார். அந்த இடத்தில் பாட்டுக்கூடத் தேய்ந்துவிட்டது. அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நின்றாள். கூண்டின் முன்பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். அவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வேறு அன்பியம் என்பதையும் மறந்து, எங்கள் பின்னாலேயே வந்துவிட்டார்.

பஞ்சர் மாமா வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிய ஓட்டத்தில் மெழுகுதிரிகள் எல்லாம் அணைந்துவிட்டன. கடைசியில், "ஃபேன நிப்பாட்டித் தொலைங்கப்பா" என்று மாமாவே கத்த வேண்டியதாயிற்று. அவர் மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

நவம்பர் மாதம் இறந்தவர்களின் மாதம். அந்த மாதத்தின் முதல் வெள்ளியில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சொல்வார்கள், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து, இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே என்று பதில் சொல்வார்கள். மாமா தன் அப்பா பெயரைச் சொன்னார். டீச்சர் பெரியம்மா கணவர் பெயரைச் சொன்னார். எங்கள் வீடு வந்தது. அப்பா தாத்தாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா பேசினாள்.

"என் மகன் சாமுவேலுக்காக."

ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குப் பெயர் ஏது, எந்த ஏட்டில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மாமா குரலைச் செருமிக்கொண்டு, தன் அப்பா பெயரைச் சொன்ன அதே தோரணையில், "சாமுவேலுக்காக" என்றார். எல்லாரும் சேர்ந்து, "இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே" என்றார்கள். முனை வீட்டு அம்மாளின் குரல் எல்லாரையும் விட உரக்கக் கேட்டது. அம்மா முகத்தை மூடிக்கொண்டு, மாதக்கணக்கில் அடக்கிவைத்திருந்த அழுகையை அங்கே அழுதாள். டீச்சர் பெரியம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டார். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரர் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா. பஞ்சர் மாமா மகளின் விலாவில் இடித்து, "நான் வச்ச பேரு" என்றேன். பாப்போம் என்று சொன்ன அம்மா கடைசியில் என் பெயரைத்தானே எடுத்துக்கொண்டாள். அந்தப் பெருமை ஒருபக்கம். வீட்டுக்கு வந்தபோது அலமாரியில் மாதா இருந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்து அழுகை ஒருபக்கம். எங்களுக்கு இருந்த மதிப்பெல்லாம் அன்றோடு போயிற்று என்று நினைத்து அழுதபடியே தூங்கினேன். மறுநாள் காலையில் எழுந்தபோது அம்மா தையல் மிஷின் மேல் கிடந்த துணியை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். அதையும் நான் சட்டை செய்யவில்லை.

என் கல்யாணப் பத்திரிகை வைக்க அந்தக் காம்பவுண்டுக்குப் போனேன். நாங்கள் இருந்த போர்ஷனில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அந்த முன்னறையைப் பார்த்துத் திகைத்துப்போனேன். ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. ஆண்கள் வாசற்படியிலும் பிள்ளைகள் நடையிலும் உட்கார்ந்தது கூட்டம் பெருத்ததால் இல்லை. எங்கள் அன்பியத்திலேயே சின்ன வீடு எங்களுடையதுதான். கிரானைட் தரையையும் சோபாவையும் விட்டுவிட்டு, பொறுப்பாளர் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இத்தனை பேர் மாதக்கணக்கில் பொய் சொல்லியிருக்கிறார்கள். முதலில் யார் சொன்ன யோசனை என்று பஞ்சர் மாமாவிடம் கேட்டேன். டீச்சர் என்றார். டீச்சர் பெரியம்மா நர்ஸ் சித்தியைக் கைகாட்டினார். நர்ஸ் சித்தி மாமாதான் என்று சத்தியம் செய்தார். இன்றுவரை ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் அன்பியத்தைப் பற்றி நான் இப்படி வாய் ஓயாமல் பீற்றிக்கொள்வதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டுமா.

இப்போது அம்மாவும் அப்பாவும் கன்னிவாடி போகிற சாலைப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அங்கே வேறு அன்பியம். அதற்கு வாட்ஸ்அப் குழு உண்டு, அம்மாதான் பொறுப்பாளர். போன மாதம் நான் போயிருந்தபோது என்னையும் ஜெபத்துக்குக் கூட்டிப்போனாள். ஒரு சின்ன வீடு. அந்த வீட்டுக்காரர் இந்த வருடம் தவறிப்போயிருந்தார். அவர் மனைவி சுவரோரம் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இடம் போதாமல் நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

டீ குடிக்கும்போது அடுத்த வாரம் யார் வீடு என்று ஒருவர் கேட்டார். எங்கள் வீட்டு முறை. அன்று மத்தியானம்கூட ஹாலில் இரண்டு ஃபேன் ஓடி, அப்பா அதற்குக் கீழே படுத்திருந்தார்.

"எங்க வீட்ல ஃபேன் ஓடலைங்க" என்றாள் அம்மா, கண்ணைச் சிமிட்டாமல். "அடுத்த வாரமும் இங்கயே வச்சுக்கிருவோமே."

சரி, சரி என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த வீட்டுச் சின்னப் பெண் சுண்டல் கிண்ணத்தோடு என் காலை மிதித்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் நின்றாள்.

"மாதாவுக்கு எங்க வீடுதான் ரொம்பப் புடிக்கும்" என்றாள்.

ஆமாம் என்றேன்.